தாளின் அடியில் கொஞ்சம் இடம்

ஜூன் 14

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் மகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? ஈரத் துணிக் கூடையைக் குனிந்து தூக்காதே, உட்கார்ந்து எழுந்து தூக்கு என்று போன கடிதத்திலேயே எழுதினேன். கேட்டிருக்க மாட்டாய்.

இங்கே தையல் கடையில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. போலீஸ் ஸ்டேஷன் மொத்தத்துக்கும் புது யூனிஃபார்ம் எங்கள் கடையில்தான். முதலாளி வெட்டித் தைக்கிறார், காஜா எடுத்துப் பட்டன் வைப்பது நான். "மெஷின் காஜா வேணாம், அந்த அம்மா கையால போட்டதுதான் நிக்குது" என்று இன்ஸ்பெக்டரே சொல்லி அனுப்பினாராம். இந்த ஊரில் காக்கி போட்ட யாரைப் பார்த்தாலும் அவர் நெஞ்சில் இருப்பது என் கைவேலை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். உன்னிடம் அடித்துக்கொள்ளாமல் யாரிடம் அடித்துக்கொள்வது?

பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது. இந்த வருஷம் புதுசாகக் கேட்டில் ஒரு போலீஸ்காரரைப் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் ஒழுங்காக இருக்க வேண்டுமாம். பெற்றோர் கூட்டத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் அதைச் சொன்னதும் முதலில் கை தட்டியது நான்தான். அந்தப் போலீஸ்காரர் நம் கடை வாடிக்கை. தொப்பை முன்னால் வரும், அவர் பின்னால் வருவார். எத்தனை தடவை வைத்துக் கொடுத்தாலும் மூன்றாவது பட்டன் மட்டும் தெறித்துவிடும். அதனால் கடையில் அவர் பெயரே மூணாம் பட்டன். என்னை வாய் நிறைய அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

நம் வீட்டு ரேடியோ வழக்கம்போல் ஓயாமல் பாடுகிறது. காலையில் ஹெட்மிஸ்ட்ரஸ் குரல், மத்தியானம் பஸ் கண்டக்டர் குரல், சாயங்காலம் என் குரல். பன்னிரண்டு வயதுப் பெண், சாப்பிட மட்டும் வாய் திறக்காது. "மூணாம் பட்டன்கிட்ட புடிச்சுக் குடுத்துடுவேன்" என்றால்தான் தட்டு காலியாகிறது. கைக்குழந்தையில் 'போலீஸ்' என்று ஆரம்பித்த மிரட்டல், இன்னும் வேலை செய்கிறது பார்!

கீழே அவளுக்கு இடம் விட்டிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா

*அம்மா, பாட்டி சொல்றது பொய். நான் பயந்து சாப்பிடலை. மிரட்டும்போது பாட்டி மூஞ்சியைப் பார்த்தா சிரிப்பு வரும். சிரிக்க வாயைத் திறப்பேன், பாட்டி சாப்பாட்டை உள்ளே தள்ளிடுவாங்க. இதுதான் உண்மை. செய்திகள் முடிந்தன.*

ஜூலை 2

அம்மாவுக்கு,

நலம். முதுகு பரவாயில்லை. நீ சொன்னபடி உட்கார்ந்துதான் தூக்குகிறேன், இப்போது முழங்கால் வலிக்கிறது.

ஆஸ்பத்திரி லாண்டரியில் புது ரோலர் மெஷின் வந்திருக்கிறது. ஈரப் படுக்கை விரிப்பை ஒரு பக்கம் விட்டால் மறு பக்கம் அப்பளமாக வருகிறது. ஆவிதான் தாங்க முடியவில்லை. ஹாஸ்டலில் போன் இன்னும் வார்டன் ரூமில்தான். சாவுக்கும் பிறப்புக்கும் மட்டும் எடுக்கலாமாம். நடுவில் இருக்கிற எங்களுக்குக் கடிதம்தான்.

உன் கடிதம் வந்தால் முதலில் அடியில் இருப்பதைத்தான் படிப்பேன். கோபித்துக்கொள்ளாதே. ரூமில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். "செய்திகள் முடிந்தன" என்று இப்போது சாப்பிட்டு எழுந்திருக்கும்போதெல்லாம் சொல்கிறார்கள்.

ஒன்று கேட்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு எதற்கம்மா போலீஸ்? நான் படித்தபோது பிரம்பு இருந்தது. பிரம்பு போய்ப் போலீஸ் வந்ததா?

குவார்ட்டர்ஸுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். கிடைத்தால் நீங்கள் இரண்டு பேரும் இங்கேயே வந்துவிடலாம். என் ரேடியோவுக்கு முத்தம்.

உன் மகள்

ஜூலை 23

அன்பு மகளுக்கு,

இங்கே சுகம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

எதற்குப் போலீஸ் என்று கேட்டிருந்தாய். அப்பன் இல்லை, அம்மாவும் தூரத்தில். நான் கடையில் உட்கார்ந்திருக்கும்போது இவள்மேல் ஒரு கண் வேண்டாமா? நாளைக்கு ஒன்று என்றால், பாட்டி வளர்த்த லட்சணம் என்று ஒருத்தர் வாயில் நான் விழக் கூடாது. அஞ்சாம் வகுப்பு படித்த நான் உன்னைப் பத்து வரை படிக்க வைத்தேன். இவளை அதற்கு மேல் படிக்க வைப்பேன். நீ கவலைப்படாமல் துணியைத் துவை.

காக்கியை வீட்டுக்கும் எடுத்து வந்து பட்டன் வைக்கிறேன். ரேடியோ எனக்கு ஊசியில் நூல் கோத்துத் தருகிறாள். இடம் போதவில்லை என்கிறாள், அவளுக்கு விடுகிறேன்.

அம்மா

*அம்மா, மணி அடிக்கிற தாத்தா இன்னிக்கு என்னைக் கயிற்றைத் தொட விட்டார். இழுக்கலை, தொட்டேன் அவ்வளவுதான். "இதை இழுத்தா முழு ஸ்கூலும் எந்திரிச்சு ஓடும் பாப்பா"ன்னார். ஹெட்மிஸ்ட்ரஸ் கத்தினாக்கூட அப்படி ஓடாது. அம்மா, உலகத்திலேயே பெரிய வேலை அதுதான்.*

ஆகஸ்ட் 27

அன்பு மகளுக்கு,

சுகம். உன் சுகம் எழுது. உன் கடிதம் வந்து நாளாகிறது, பதில் போடத் தாமதமாகிவிட்டது.

மழை பிடித்துக்கொண்டது. பின் சுவர் ஊறுகிறது. எனக்குக் கடைவாய்ப் பல் ஆடுகிறது, பிடுங்கச் சொல்கிறார்கள், பயமாக இருக்கிறது. கடையில் முதலாளி மகனுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள். பெண்ணுக்குத் தையல் தெரியாதாம், முதலாளி முகம் தொங்கிப் போச்சு.

பேத்தி இப்போதெல்லாம் மிரட்டாமலே சாப்பிடுகிறாள். வைத்ததெல்லாம் காலி. நீ சந்தோஷப்படுவாய் என்று எழுதுகிறேன்.

அவளுக்குக் கொஞ்சம் காய்ச்சல். அதனால் எழுதவில்லை. பயப்படாதே, சாதாரணக் காய்ச்சல்தான்.

அம்மா

செப்டம்பர் 12

அம்மாவுக்கு,

காய்ச்சல் விட்டதா? என்ன மருந்து கொடுத்தார்கள் என்று எழுதவே இல்லையே. மழை, சுவர், பல், கல்யாணம் எல்லாம் எழுதியிருக்கிறாய், பிள்ளையின் காய்ச்சலைப் பற்றி இரண்டே வரி.

கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அடியில் வெற்றிடமாக இருந்தது. நீ இடம் விட்டிருக்கிறாய், அவள் எழுதவில்லை. காய்ச்சலில் கிடந்தாலும் ஒரு பூனை படமாவது போடுவாளே.

நீல மை பேனா ஒன்று வாங்கி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எழுதச் சொல்.

உன் மகள்

செப்டம்பர் 30

அன்பு மகளுக்கு,

எல்லோரும் சுகம். பேனா வந்தது. பத்திரமாக வைத்திருக்கிறாள்.

வளர்கிற பெண், கொஞ்சம் அமைதியாகிவிட்டாள். வயது அப்படி. நீயும் அந்த வயதில் மூலையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாய், மறந்துவிட்டாயா? பள்ளிக்கூடத்துக்குச் சில நாள் போகவில்லை. போவாள்.

காக்கி வேலையை வீட்டுக்குக் கொண்டு வருவதில்லை. கண் சரியாகத் தெரியவில்லை. கடையிலேயே முடித்துவிட்டு வருகிறேன்.

நீ ஒன்றும் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. அங்கே மெஷின் பக்கத்தில் நிற்கிறவள், யோசனை வேறெங்கோ இருந்தால் கை போய்விடும்.

அம்மா

*அம்மா, நான் நலம். நன்றாகப் படிக்கிறேன். பாட்டி பேச்சைக் கேட்கிறேன். இப்படிக்கு உன் மகள்.*

அக்டோபர் 15

அம்மாவுக்கு,

நலமா என்று கேட்கிறேன், ஆனால் பதில் என்ன வரும் என்று தெரியும்.

அடியில் இருந்தது உன் கையெழுத்து. எனக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்த கையை எனக்குத் தெரியாதா? எழுத்தை விடு. என் பெண் எனக்கு எழுதினால் அதில் ஒரு சிரிப்பாவது இருக்கும். ரூமில் வழக்கம்போல் வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். எழுந்து அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

உள்ளே ஒட்டிய உறை ஒன்று வைத்திருக்கிறேன். அது அவளுக்கு. நீ பிரிக்காதே. அவள் எழுதுவதையும் படிக்காதே. தபால்தலையும் வைத்திருக்கிறேன்.

உன்மேல் கோபம் இல்லை. பயம்தான்.

உன் மகள்

அக்டோபர் 29

அம்மா,

நல்லா இருக்கியா? முதுகு வலிக்குதா? எதுவானாலும் எழுதலாம், திட்ட மாட்டேன்னு எழுதியிருந்தே. அதனால எழுதறேன்.

ஆகஸ்ட்ல ஒரு நாள் டிராயிங் டீச்சர் வரலை. மணி தாத்தா டீ குடிக்கப் போயிருந்தார். நான் கயிற்றை இழுத்துட்டேன். சும்மா ஒரு தடவைன்னுதான் நினைச்சேன், ஆனா நல்லா இருந்துச்சு, இழுத்துட்டே இருந்தேன். முழு ஸ்கூலும் பையைத் தூக்கிட்டு ஓடுச்சு. தாத்தா சொன்ன மாதிரியே. ஒரு சின்னப் பாப்பா விழுந்து முட்டி தேஞ்சு போச்சு. அது என் தப்பு. அந்தப் பாப்பாகிட்டே ஸாரி கேட்டேன்.

ஹெட்மிஸ்ட்ரஸ் போலீஸைக் கூப்பிட்டாங்க. மணி தாத்தா, "விடுங்க டீச்சர், கயித்தை விட்டுட்டுப் போனது நான்தானே"ன்னு சொல்லிப் பார்த்தார். கேக்கலை. அப்புறம் பாட்டியைக் கூப்பிட்டாங்க. பாட்டி, ஊசி குத்தாம இருக்க விரல்ல மாட்டற அங்குஸ்தானோடவே ஓடி வந்தாங்க. மூணாம் பட்டன், "அம்மா, நீங்களே கூட்டிட்டுப் போறீங்களா, இல்ல ஸ்டேஷனுக்குக் கொண்டு போய் நாலு வார்த்தை சொல்லி அனுப்பட்டுமா?"ன்னு கேட்டார். ஹெட்மிஸ்ட்ரஸ், "எங்க கூட்டிட்டுப் போனா என்ன, பாட்டி வளர்ப்புதானே"ன்னாங்க. எல்லா டீச்சரும் நின்னுட்டிருந்தாங்க.

பாட்டி, "கொண்டு போங்க சார். அப்பவாவது பயம் வரட்டும்"னு சொன்னாங்க.

ஜீப்ல ஏத்தினாங்க. பாட்டின்னு கூப்பிட்டேன். பாட்டி திரும்பலை.

மூணாம் பட்டனுக்கு டியூட்டி முடிஞ்சிருச்சு. என்னை பெஞ்சுல உக்கார வச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டார். அங்கே இருந்தவங்களுக்கு நான் யாருன்னே தெரியலை. "என்ன கேஸ்?"னு ஒருத்தர் கேட்டார். "மணி அடிச்ச கேஸ்"னு இன்னொருத்தர் சொன்னார். சிரிச்சாங்க. பக்கத்துல ஒரு ஆளை ஜன்னல் கம்பியோட சேர்த்துக் கட்டியிருந்தாங்க. அவர் வாயில ரத்தம். நான் குரல் மாத்திப் பேசுவேன்னு யார் சொன்னாங்களோ, ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி பேசிக் காட்டச் சொன்னாங்க. பேசினா விட்டுடுவாங்கன்னு நினைச்சுப் பேசினேன். விடலை. இன்னும் பேசச் சொன்னாங்க. அழுதுட்டே பேசினேன். அதுக்கும் சிரிச்சாங்க.

பாத்ரூம் எங்கேன்னு கேக்கப் பயமா இருந்துச்சு. அப்புறம் கேக்க வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு.

இருட்டினப்புறம் பாட்டி வந்தாங்க. கொஞ்ச நேரத்துல ஜீப்லயே வீட்டுல கொண்டு வந்து விடுவாங்கன்னு அது வரைக்கும் பாட்டி வீட்டு வாசல்லயே நின்னுட்டு இருந்தாங்களாம்.

ஸ்கூல்ல இப்ப என் பேரு ரேடியோ இல்லை. மணி கேஸ்.

பாட்டி மேல கோபம் இல்லைம்மா. புடிச்சுக் குடுத்துடுவேன், புடிச்சுக் குடுத்துடுவேன்னு பாட்டி முதல்லேர்ந்தே சொல்லிட்டுதான் இருந்தாங்க. நான்தான் விளையாட்டுன்னு நினைச்சிட்டேன்.

உன் மகள்

நவம்பர் 3

அன்பு மகளுக்கு,

உறையை அவளிடம் கொடுத்துவிட்டு நான் வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன். அவள் எழுதியதைப் படிக்கவில்லை. படிக்காமலே தெரியும். அவள் பொய் எழுத மாட்டாள்.

கண் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு நாள் காக்கிச் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன், அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். "என்னடி?" என்றேன். "இல்ல, சாப்பிட்டுடறேன், சாப்பிட்டுடறேன்" என்றாள். அன்றைக்குத்தான் வீட்டுக்குள் காக்கி கூடாது என்று எடுத்துப் போனேன்.

இந்த வாரம் மூணாம் பட்டன் கடைக்கு வந்தார். அதே பட்டன். "நீங்களே வச்சுக் குடுங்கம்மா" என்று என்னிடமே நீட்டினார். "குழந்தையை அங்க விட்டுட்டு எப்படி சார் வீட்டுக்குப் போனீங்க?" என்று கேட்டேன். சண்டை போடவில்லை, கேட்டேன். அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "என்னம்மா இப்படிக் கேக்கறீங்க, நீங்கதானே கொண்டு போகச் சொன்னீங்க?"

கடையில் எல்லா மெஷினும் நின்றது.

சட்டையை வாங்கிக்கொண்டேன். ஊசியில் நூல் கோக்க வரவில்லை. நனைத்து நனைத்துப் பார்த்தேன். முதலாளி எழுந்து வந்து என் கையிலிருந்து வாங்கி அவரே வைத்துக் கொடுத்தார்.

இனிமேல் எனக்குக் காக்கி கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன எழுதுவது என்று தெரியவில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா

டிசம்பர் 1

அன்பு மகளுக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா? தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே கையை ஆட்டி இல்லை என்று சொல்லிவிடுகிறார். வாசல் வரை நடக்க வேண்டாமே என்ற நல்ல எண்ணம்தான்.

அங்கே குளிர் வந்திருக்கும். கம்பளியை வெயிலில் போட்டு எடு. முதுகுக்குத் தைலம் இருக்கிறதா?

அவள் வாரத்தில் பாதி நாள் பள்ளிக்கூடம் போகிறாள். நான் கேட் வரை போய், அவள் உள்ளே நுழையும் வரை அவளுக்கும் மூணாம் பட்டனுக்கும் நடுவில் நிற்கிறேன்.

திட்டியாவது ஒரு வரி எழுது.

அம்மா

டிசம்பர் 18

அம்மாவுக்கு,

நலம்.

எழுத உட்கார்ந்து எத்தனையோ தாளைக் கிழித்துவிட்டேன். திட்டி எழுதினதையும் கிழித்தேன், திட்டாமல் எழுதினதையும் கிழித்தேன்.

என்னையும் நீ அப்படித்தான் மிரட்டிச் சாப்பாடு கொடுத்தாய். என்னை யாரும் கொண்டு போகவில்லை. அதனால் அது எனக்குத் தாலாட்டு மாதிரி ஞாபகம் இருக்கிறது. நானும் அவளை அதையே சொல்லித்தான் தூங்க வைத்தேன். எனவே உன்னை என்ன சொல்ல? அந்த ஹெட்மிஸ்ட்ரஸை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். வாய் வலிக்கச் சொல்லியும் பார்த்துவிட்டேன், என் மனசு அங்கே நிற்கவில்லை. அவள் கூப்பிட்டபோது நீ திரும்பவில்லையே, அங்கேதான் போய் நிற்கிறது.

ராத்திரி ஷிப்டுக்கு மாறிக்கொண்டேன். ராத்திரி வேலை பார்ப்பவர்களுக்குத்தான் முதலில் குவார்ட்டர்ஸ் கொடுக்கிறார்கள். ஒரே அறை. இங்கே உள்ள பள்ளிக்கூடத்தில் போய்ப் பார்த்தேன். கேட்டில் யார் நிற்பார்கள் என்றுதான் முதலில் கேட்டேன். வாட்ச்மேன் என்றார்கள். வயதானவர், காது கேட்காது. நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரியில் வந்து அவளைக் கூட்டிப் போகிறேன். உன்னைக் கூப்பிடவே மாட்டேன் என்று நினைக்காதே. இப்போது கூப்பிடவில்லை.

பல்லைப் பிடுங்கிவிட்டாயா?

உன் மகள்

பிப்ரவரி 10

என் செல்லப் பேத்திக்குப் பாட்டி எழுதுவது. நான் சுகம். பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மா பகலில் தூங்கும்போது சத்தம் போடாதே என்று எழுத வந்தேன். அப்புறம் யோசித்தேன். சத்தம் போடு கண்ணு. அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள்.

உன் சர்டிஃபிகேட் வாங்கப் பள்ளிக்கூடம் போயிருந்தேன். ஹெட்மிஸ்ட்ரஸ் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "நல்ல பொண்ணுதான்மா. அந்த ஒரே ஒரு தடவைதான்" என்றார்கள். "அந்த ஒரு தடவைக்கா டீச்சர்?" என்று கேட்டேன். அவர்கள் சீல் குத்தித் தாளை என் பக்கம் தள்ளினார்கள். எனக்கும் அதற்கு மேல் கேட்க வாய் இல்லை. மணி தாத்தா உன்னைக் கேட்டார். இப்போது டீ குடிக்கப் போனால் கயிற்றைச் சுருட்டி மேலே கட்டிவிட்டுப் போகிறார்.

இப்போது நான் தைப்பது பள்ளிக்கூடத்துச் சட்டைகள்தான். சின்னச் சின்னக் காஜா. உன் அளவு வந்தால் கொஞ்ச நேரம் கையில் வைத்திருப்பேன்.

பஸ் கிளம்பும்போது நீ ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பக்கம் வெயில் அடித்தது, எனக்குத் தெரியும்.

சாப்பிடுகிறாயா என்று கேட்க மாட்டேன். இனிமேல் யாரிடமும் கேட்க மாட்டேன்.

பதில் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பழக்கதோஷம், கீழே இடம் விட்டுவிட்டேன்.

பாட்டி

*(இதே தாள் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. அடியில் விட்ட இடத்தில், நீல மையில்:)*

*பாட்டி, இங்கே மணிக்குக் கயிறே கிடையாது. கரண்ட்ல தானா அடிக்குது. நான் தொடவே முடியாது. அதனால நீ பயப்படாதே.*